மேட்டிலிருந்து இறக்கிய தொட்டி

என் நண்பன் கட்டிய வீட்டின் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று தெரிந்தே, ஏறும் என்று அவனிடம் சொன்னேன். அதற்கு முன்னால், தண்ணீர்த் தொட்டியை அது இருக்க வேண்டிய மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கொண்டுபோக வைத்ததும் நான்தான். பொறாமையால் செய்தேன். வேறு காரணம் கிடையாது. இத்தனை வருடங்களில் பல காரணங்களைச் சோடித்துப் பார்த்துவிட்டேன், எதுவும் நிற்கவில்லை.

நாங்கள் இருவரும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில், ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். அவன் எலெக்ட்ரானிக்ஸ், நான் சிவில். படித்து முடித்ததும் ராமநாதபுரம் பக்கம் குடிநீர்த் திட்டங்களில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பிறகு மேற்படிப்புக்கு டெக்சாஸ் வந்தேன். அவன் எனக்குப் பின்னால் வந்தான். விமான நிலையத்திலிருந்து என் காரில்தான் அழைத்து வந்தேன். முதல் சில வாரங்கள் என் அபார்ட்மெண்ட் ஹாலில் படுத்திருந்தான். அப்படி வந்தவனுக்கு எனக்கு முன்னால் கிரீன் கார்டு வந்தது. எனக்கு முன்னால் அவன் மேனேஜர் ஆனான். என் மனைவி தேங்காய் பர்ஃபித் தட்டோடு வந்து, "ஏங்க, அவங்களுக்கு கிரீன் கார்டு வந்துருச்சாம், அவர் வொய்ஃப் ஸ்வீட் கொடுத்தனுப்பியிருக்கா" என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் அலட்டிக்கொள்கிறவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவனோ தனக்கு எது வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் செய்வான். என் கிரீன் கார்டு இழுத்துக்கொண்டே போன காலத்தில், எனக்காக வேறொரு வக்கீலிடம் பேசிவிட்டு வந்தவன். அந்த உதவியையும் நான் அவனுக்கு எதிரான கணக்கில்தான் வைத்துக்கொண்டேன்.

நான் டாலஸை ஒட்டிய பிளானோவில் ஒரு சிறிய கம்பெனியில் குழாய்ப் பாதை வரைகிறவனாக இருந்தேன். புதிதாக வீட்டுமனைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எந்தத் தெருவில் எந்த அளவுக் குழாய், எங்கே வால்வு, எங்கே தீயணைப்புக் குழாய் என்று நாளெல்லாம் அடுத்தவர் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவேன். சாயங்காலம் வாடகை அபார்ட்மெண்டுக்குத் திரும்புவேன்.

அப்போதுதான் அவன் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவையும் தாண்டி வடக்கே சில ஏக்கர் நிலம் வாங்கினான். இன்றைக்கு அங்கே நடக்க இடமில்லை. அன்று மாடுகளும் வைக்கோல் உருளைகளும்தான். நகரத்துத் தண்ணீர் வரவில்லை, கிணறு போட்டிருந்தான். புயல் காற்று அடித்தால் கரண்ட் போய்விடும், கரண்ட் போனால் கிணற்று மோட்டார் நின்றுவிடும். அவன் மனைவி அங்கே குடிபோகத் தயங்கினாள்.

அவள் அயனாவரத்தில் வளர்ந்தவள். தண்ணீர் லாரி வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு வரிசையில் நின்றவள். என் முன்னால்தான் அவனிடம் சொன்னாள்: "காடோ மேடோ நான் வரேன். ஆனா தண்ணி கஷ்டம்னு ஆரம்பிச்சா, அடுத்த நிமிஷம் பிளானோவுக்கு மூட்டை கட்டிடுவேன். அப்பறம் நீங்களும் உங்க மாடுங்களும் இருங்க." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்கதான் சாட்சி" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே, "சாட்சி இல்லம்மா, அவன்தான் இன்ஜினியரு. தண்ணி அவன் டிபார்ட்மெண்ட்" என்றான்.

நிலத்தைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனான். டாலஸ் பக்கத்து மண் தட்டையானது. கண்ணுக்கு எட்டியவரை தோசைக்கல். அவன் நிலத்தின் வடகிழக்கு மூலையில் மட்டும் தரை நன்றாக எழும்பி ஒரு மேடாக நின்றது. வீடு கட்டப்போகும் இடத்தைவிட முப்பது அடிக்குக் குறையாத உயரம். அவன் அதை, "அங்க ஒரு பெஞ்ச் போட்டா சன்செட் பாக்கலாம்" என்று காட்டினான். என் வேலையில் உயரம்தான் அழுத்தம். உயரத்தில் ஒரு தொட்டியை வைத்து, கரண்ட் இருக்கும்போது நிரப்பி வைத்துக்கொண்டால், பிறகு சில நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் தண்ணீர் தன் பாரத்தாலேயே வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சீமையில் அப்படி ஒரு மேடு இருப்பதே அபூர்வம். அது இவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது என்னவென்றும் இவனுக்குத் தெரியவில்லை. ஒரு மண்மேட்டின் மேல் மனிதனுக்குப் பொறாமை வரும் என்று அன்றுதான் அறிந்தேன்.

ஆனாலும் திட்டத்தை ஒழுங்காகத்தான் போட்டேன். அந்த இரண்டு வாரங்கள் சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். மேட்டில் தொட்டி. அங்கிருந்து வீடுவரை எங்கும் மேலே ஏறாமல் இறங்கிக்கொண்டே வரும் ஒரே குழாய். நடுவில் எங்காவது ஏறி இறங்கினால் அந்த உச்சியில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீரை மறிக்கும். குளிர்காலத்தில் உறையாத ஆழத்தில் பள்ளம். மாடிக் குளியலறைக்குத் தனி இணைப்பு. படத்தை அவன் காரின் பானெட் மேல் விரித்துக் காட்டினேன்.

"இவ்ளோதானாடா? ரொம்ப சிம்பிளா இருக்கு" என்றான்.

சிம்பிளாகத் தெரிவதற்காகத்தான் நான் அத்தனை பாடுபட்டிருந்தேன். அது அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

அடுத்த சனிக்கிழமை காப்பெல் என்ற ஊரில் ஒரு வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவரும் விருந்து. புளியோதரைத் தட்டை வைத்துக்கொண்டு அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்: "நம்ம லேண்ட்ல ஒரு மேடு இருக்கு. மோட்டாரே வேணாம், தண்ணி தானா வரும்." "செம ஐடியா!" என்றார்கள். "எப்படி தோணுச்சு?" என்றார்கள். அவன் என்னைக் கைகாட்டினான். அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; மேடு யாருடையதோ அவனைத்தான் பார்த்தார்கள். திரும்பி வரும்போது டோல்வேயில் என் மனைவி, "அந்த மேட்டுல நின்னா எவ்ளோ தூரம் தெரியுது! நாம எப்பங்க இப்படி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் பாதியில் நிறுத்தியதுதான் என்னைக் குத்தியது.

அதன்பின் ஒரு நாள் அவனுடைய பிளானோ வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. அவள் அப்பாவுக்குச் சென்னையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்திருந்த சமயம். காலிங் கார்டில் பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி போட்டாள். "எல்லாம் நல்லபடியா முடியும்ல அண்ணா? இந்த வீட்டு வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கு."

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. என்றும் இருந்ததில்லை. காபியை ஆற்றிக்கொண்டே, "சேச்சே, எல்லாம் சரியாயிடும்மா" என்றேன். பிறகு, ஏதோ இப்போதுதான் தோன்றியது போல, "ஈசான்ய மூலைல பாரம் ஏத்தக் கூடாதும்பாங்க ஊர்ல. டேங்க்னா கன்னி மூலைலதான் வெப்பாங்க. நான் இதெல்லாம் பாக்கறதில்ல. நீயும் மனசுல வெச்சுக்காத" என்றேன்.

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னால் வைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். ஈசான்யம் என்பது வடகிழக்கு, மேடு இருக்கும் மூலை; கன்னி மூலை என்பது தென்மேற்கு. அவன் நிலத்தில் தென்மேற்குதான் இருப்பதிலேயே பள்ளம்.

இரண்டு நாளில் அவன் போன் வந்தது. "டேய், என்னடா சொன்ன அவகிட்ட? அந்த மேட்டுல டேங்க் வெச்சா அந்த வீட்டுக்கே வரமாட்டேங்கறா."

"ஊர்ல சொல்றத சொன்னேன்டா. நம்பாதன்னும் சொன்னேன்."

"அப்பா வேற ஹாஸ்பிட்டல்ல. இப்ப போயி நான் அவகிட்ட ஆர்க்யூ பண்ண முடியுமா? கன்னி மூலைல ஸ்டாண்ட் போட்டு வெச்சுடலாமா? ஒரு இருபதடில. மாடிக்கு வருமாடா?"

அந்தக் கேள்விக்கு நேர்மையாக ஒரு பதில்தான் இருந்தது. இருபதடியில் வைத்தால் தொட்டியின் அடிப்பாகம் மாடி ஷவருக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கும். இருக்கிற சொற்ப அழுத்தத்தையும் நீளக் குழாயும் வளைவுகளும் ஹீட்டரும் தின்றுவிடும். அமெரிக்கக் குழாய்களெல்லாம் நகரத்து அழுத்தத்துக்குச் செய்தவை. இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"வரும்டா" என்றேன். "மேலேர்ந்து கீழ வர்ற தண்ணி, வராம எங்க போயிடும்?"

அவன் அதற்கும் நன்றி சொன்னான். கன்னி மூலையில் இருபதடிக்கு மர ஸ்டாண்ட் போட்டுத் தொட்டியை ஏற்றினான்.

கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியது. கீழே சமையலறைக் குழாயில் தண்ணீர் சுமாராக வந்தது. மாடியில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டப் போய், "ஆன்ட்டி, இங்க தண்ணி வரலையே!" என்று குரல் கொடுத்தார்கள். நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் படியேறிப் போவதைப் பார்த்தேன். இறங்கி வந்தபோது, பட்டுப் புடவையோடு, கையில் ஒரு வாளி இருந்தது.

தொட்டி நிறைந்திருக்கும்போது மாடி ஷவரில் தண்ணீர் நூல் போல விழும். கொஞ்சம் குறைந்தால் அதுவும் இல்லை. அவன் ஒரு சின்ன மோட்டாரை இணைத்துப் பார்த்தான். கரண்ட் இருக்கும்வரை ஓடியது. வசந்தத்தில் இடியும் காற்றுமாக வந்து மின்கம்பிகள் அறுந்தபோது, மற்ற கிணற்று வீடுகளைப் போலவே அந்த வீடும் ஆனது. அவள் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்து குவளையால் மொண்டு குளிக்க ஆரம்பித்தாள். வெயில் காலம் வருவதற்குள் வீட்டை விற்பது பற்றிப் பேச்சு வந்துவிட்டது. "திங்கக்கிழமை ரியல்டர் வர்றாராம். பாவம்ங்க, அவரு எவ்ளோ ஆசையா கட்டினாரு" என்று என் மனைவி சொன்னாள்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது. அன்று ஏதோ சாக்கில் அங்கே போனேன். அவள் இரண்டு கையிலும் வாளியோடு படியேறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்; அவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்? "உக்காருங்க அண்ணா, வந்துடறேன். சின்ன வயசு பழக்கம்தானே, கை மறக்கல" என்றாள். அவன் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், அந்த மர ஸ்டாண்டின் கீழே நின்றுகொண்டு சொன்னான்: "சாரிடா. நீ பக்காவா போட்டுக் கொடுத்த பிளான நான்தான் கெடுத்தேன். அவகிட்ட அன்னிக்கு கொஞ்சம் ஸ்ட்ராங்கா பேசியிருக்கணும். உன் வேலைக்கும் கெட்ட பேரு."

என் வேலைக்குக் கெட்ட பெயர் வந்ததாம். அதற்கு அவன் மன்னிப்புக் கேட்கிறான்.

உள்ளே வந்து இருவரையும் உட்காரச் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். வாஸ்துவை நான் நம்பவில்லை, தொட்டி மேட்டில் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று தெரிந்தே ஏறும் என்றேன். உங்கள் மேல் பொறாமை.

அவன் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "ஏன்டா உளர்ற" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "எதுக்குடா பொறாமை? என்கிட்ட அப்படி என்ன இருக்கு?" அது கேள்வியாகத்தான் வந்தது, கோபமாக இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவள்தான் கோபப்பட்டாள். குரல் உயரவில்லை. "எங்கப்பா ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து வந்து மூணாம் நாள், அண்ணா. நான் அழுதுட்டு இருந்தேன். அத பாத்துட்டே சொன்னீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இன்னும் பாக்கி இருந்தது. தொட்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், பழைய திட்டம் அப்படியே இருக்கிறது, பள்ளம் தோண்டுவது முதல் எல்லாம் நானே செய்கிறேன், வீட்டை விற்காதீர்கள் என்றேன். என் மனதில் எல்லாம் அத்தோடு தீர்ந்துவிடும் என்றிருந்தது. பொய்யைச் சொன்னவனே பொய் என்று சொல்லிவிட்டால் அவள் பயம் போய்விடும் அல்லவா?

"மேட்டுல வேண்டாம்" என்றாள்.

"அது நான் பொறாமையில சொன்னதும்மா..."

"நீங்க பொறாமையில சொன்னீங்க. அதுக்காக சாஸ்திரம் பொய்யாயிடுமா? இத்தன நாள் அந்த மூலைய பாத்துப் பாத்து பயந்துட்டேன். இனிமே அங்க டேங்க ஏத்தினா, எங்கப்பாவுக்கு இருமல் வந்தாக்கூட நான் அந்த மேட்டத்தான் பாப்பேன். அத எடுத்துடுவீங்களா?"

அவன் அவளிடம் வாதாடவில்லை. நான் உள்ளே போட்டதை என்னால் வெளியே எடுக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. என் கைக்கு எட்டியது குழாய் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து, கன்னி மூலையிலேயே தொட்டியை வைத்துத் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் திட்டம் ஒன்று போட்டேன். மர ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரமான இரும்புக் கோபுரம். பழையதைப்போல இரண்டு மடங்கு அகலமான குழாய். திடீர் வளைவுகளுக்குப் பதிலாக நீண்ட வளைவுகள். குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்கிற ஷவர். அடித்தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட், காற்றுக்குக் குறுக்குக் கம்பிகள் எங்கே என்பதெல்லாம் எழுதினேன். மேடு இலவசமாகக் கொடுத்ததை இரும்பால் செய்ய வேண்டியிருந்தது. வாழ்க்கையில் எதையும் அத்தனை கவனமாக நான் வரைந்ததில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் நின்றபடியே புரட்டினான். "இத இன்னொரு இன்ஜினியர்கிட்ட காட்டணும். எனக்கு ஒருத்தர தெரியும்" என்றான். என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான். "சரி" என்றேன். அந்த மனிதர் பார்த்துத் திருப்பி அனுப்பும்வரை காத்திருந்தேன். அந்த நாட்களில், அவர் ஏதாவது பிழை கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தோடு, ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்ற கர்வமும் சேர்ந்தே இருந்தது. "அவர் ஓகேன்னுட்டாரு. சனிக்கிழமை வா" என்று ஒரு நாள் போன் வந்தது. ரியல்டரிடமும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தான்.

ஒரு பழைய பால்பண்ணையிலிருந்து இரும்புக் கோபுரம் கிடைத்தது. கவுண்டி அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கூலிக்கு ஆள் வைத்து நிறுத்தினோம். பள்ளம் மட்டும் நாங்கள் இருவரும் தோண்டினோம். அந்தக் கறுப்பு மண் மழையில் பசையாக ஒட்டும், வெயிலில் கல்லாகிவிடும். அவன் ஒரு முனையிலிருந்து தோண்டினான், நான் மறுமுனையிலிருந்து. நடுவில் சந்தித்தபோது, "லெவல் பாரு" என்றான். பார்த்தேன். சரியாக இருந்தது. அன்று முழுவதும் வேறு பேச்சில்லை. மதியம் அவள் தயிர்சாதத்தை வராந்தாவில் வைத்துவிட்டு, "சார், சாப்பாடு வெச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை.

தொட்டியை நிரப்பி, மெயின் கரண்டை அணைத்துவிட்டு, நான்தான் கீழே வால்வைத் திறந்தேன். அவர்கள் இருவரும் மாடியில் இருந்தார்கள். குழாயில் காற்று உறுமிக்கொண்டு போனது, பிறகு அடங்கியது. சுவருக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. மேலே ஷவர் கொட்டும் சத்தம், அவள் ஏதோ சொன்னது, அவன் சிரித்தது, எல்லாம் கேட்டது. மேலே வந்து பார் என்று கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. ரெஞ்ச்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர்கள் வீட்டை விற்கவில்லை. அவளும் பிளானோவுக்குத் திரும்பவில்லை. அவள் அப்பா தேறி வந்து ஒரு கோடை முழுவதும் அங்கே தங்கினார் என்று கேள்விப்பட்டேன். பொது இடத்தில், இர்விங் நகரத்துக் கோயிலில் பார்த்தால், அவன் நின்று நலம் விசாரிப்பான். என் கிரீன் கார்டு வந்தபோது கை கொடுத்தான். அவனுக்கு ஒன்று வந்தால் எனக்கு முதலில் வருகிற அந்தப் போன் மட்டும் அதற்கப்புறம் வரவில்லை.

பெண்கள் இருவரும் பிரியவில்லை. நடந்ததை என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். சில நாள் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் ஒண்ணும் பண்ணலையே, நான் எதுக்கு போகாம இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போலப் போய்வர ஆரம்பித்தாள். அவளுக்கு ஹைவேயில் ஓட்டப் பயம். நான்தான் கொண்டுபோய் கேட் அருகே இறக்கிவிடுவேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு, கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு தடவை ஏறி உட்கார்ந்ததும், "மேட்டுல பெஞ்ச் போட்டிருக்காங்க. சாயங்காலம் அங்கதான் உக்காந்து டீ குடிச்சோம்" என்றாள். நன்றாக இருக்குமே என்றேன். சொல்லும்போதே, இத்தனைக்கும் பிறகும், எனக்கு உள்ளே சுருக்கென்றது. அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வண்டிய எடுங்க" என்றாள். எடுத்தேன்.